கிரி இன்னும் போகவில்லை

மார்கழி 7, ஞாயிறு

காலை முழுக்கத் தூறல். வானம் கழுவாத சட்டி நிறம். மத்தியானம் மரக்கறி வெட்டி வைத்தேன், சமைக்க மனமில்லை. பின்னேரம் இவரும் நானும் நதீஷாவை விமானநிலையத்தில் கொண்டுபோய் விட்டோம். எங்கள் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை. முழுப்பெயர் எழுதக் கை நோகிறது, இனி ந.

குருநாகலில் தாய்க்கு ஒப்பரேஷன். கர்ப்பப்பையில் கட்டி. செவ்வாய்க்கிழமை எடுக்கிறார்களாம். ந. ஒரே பிள்ளை. கடைசி நேரத்தில் டிக்கெற் கிடைத்ததே பெரிய காரியம்.

நாய் எங்களோடு. பெயர் கிரி. சிங்களத்தில் பால் என்று அர்த்தமாம். உடம்பு முழுக்க வெள்ளை, காது மட்டும் மண்ணிறம். வசந்தகாலத்தில் எடுத்த குட்டி, இன்னும் ஒரு வயதாகவில்லை. இவர் முதல் நாளிலிருந்தே கீரி என்றுதான் கூப்பிடுகிறார். திருத்திப் பார்த்தாயிற்று, பலனில்லை.

காரில் ஏறும் வரைக்கும் ந. நாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். "சொன்னதெல்லாம் கேட்பாள் அன்ரி" என்றாள், ஆங்கிலத்தில். எங்களுக்குச் சிங்களம் வராது, அவளுக்குத் தமிழ் வராது, நடுவில் ஆங்கிலம்தான் ஓடித்திரியும். என்ன சொன்னால் கேட்கும் என்று அவளும் சொல்லவில்லை. அந்த அழுகைக்குள் நானும் கேட்கவில்லை.

தந்துவிட்டுப் போனவை: தீன் ஒரு பை. மழைச்சட்டை. குளிர்ச்சட்டை. நாய்க்காலுக்கென்று சிவப்புச் சப்பாத்து நாலு. பஞ்சு வெளியே வந்த கரடிப்பொம்மை.

வெளிக்கிடும்போது கிரி முன்வாசல் புல்லில் ஒன்றுக்குப் போனது. பிறகு வீட்டுக்குள் வந்து எங்கள் கட்டிலைத் தவிர எல்லாவற்றிலும் ஏறி இறங்கியது. சுவாமியறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் நாய் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பொழுதுபடப் பனி தொடங்கியது. இந்த முறை முதல் பனி.


மார்கழி 8, திங்கள், காலை

கணுக்காலுக்கு மேலே பனி. வேலைக்குப் போகமுன் பின்கதவைத் திறந்தேன். கிரி ஓடிவந்தது, நிலைப்படியில் பிரேக் போட்டது. புல்லைக் காணவில்லை. வளவையே காணவில்லை. நேற்று வைத்த இடத்தில் உலகம் இல்லை என்ற முகம்.

மூக்கை வைத்தது. தும்மியது. ஒரு காலை வைத்து, எடுத்து, உதறியது. மற்றக் காலுக்கும் அதே. பிறகு நாலு காலையும் ஒன்றாகத் தூக்கப் பார்த்தது. அது நடக்கிற காரியமா? திரும்பி வந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

சப்பாத்துப் போட்டோம். அதோடு நடந்ததைப் பார்க்க வேண்டும். மத்தியான வெயிலில் கோயில் வீதியில் வெறுங்காலோடு போகிறவர்களின் நடை. காலை உயர்த்தி உயர்த்தி வைத்து, இரண்டடி போய், சிலையாக நின்றுவிட்டது.

நிலா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மகளுக்கு மார்க்கம் நகரத்தில் வேலை, இன்று வீட்டிலிருந்து செய்கிறாள்.

"கோ பீ, கிரி! கோ பீ!"

நாய் மரியாதையாக அவளைப் பார்த்தது.

"ஒண்டுக்கு இரு பிள்ளை. கெதியாய் இருந்திட்டு வா." இது நான். எனக்கும் அதே மரியாதை.

இவர் யன்னலைத் திறந்து தலையை நீட்டினார். "நான் வேணுமெண்டால் செய்து காட்டட்டோ?"

"அப்பா! நெய்பர்ஸ்!"

போகவில்லை. நேற்றுப் பின்னேரத்துக்குப் பிறகு ஒரு சொட்டும் இல்லை. வேலைக்குப் பிந்திவிட்டது.


திங்கள், மத்தியானம்

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். முதியோர் இல்லத்தில் என் வேலையின் பாதியே இதுதான். யார் போனார்கள், யார் போகவில்லை. ஒருவர் ஒரு நேரம் போகாவிட்டால் நேர்ஸ் வந்து கேள்வி மேல் கேள்வி. அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம். மூத்திரம் அடைத்தால் என்னவாகும் என்று கண்ணால் பார்த்தவள் நான்.

வீட்டுக்குப் போன் எடுத்தேன். இவர்தான்.

"இல்லையப்பா, இன்னும் போகேல்லை. பனியைச் சவளாலை அள்ளி வழிச்சு, புல்லுத் தெரிய ஒரு பாய் அளவுக்கு இடம் எடுத்து வைச்சிருக்கிறன். அதிலை போய் நிண்டு நடுங்கிப்போட்டு வந்திட்டுது. குடையும் பிடிச்சுப் பாத்தனான்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து இவர் எனக்கு ஒருநாள் குடை பிடித்ததில்லை. அது வேறு கதை.

நிலா கிளினிக்குக்குக் கேட்டிருக்கிறாள். முதல் பனிக்குச் சில நாய்கள் இப்படித்தானாம், அடக்கிக்கொண்டே இருக்குமாம். இரவுக்குள் போகாவிட்டால் கொண்டுவரச் சொன்னார்களாம். காலையிலிருந்து தீனும் தொடவில்லை. தண்ணீர் குடிக்கிறது. அது இன்னும் பயம்.

விமானம் மாறுகிற இடத்திலிருந்து ந.வின் செய்தி. "கிரி எப்படி அன்ரி?" நல்ல சுகம் என்று எழுதி, ஒரு சிரித்த முகமும் போட்டேன். பச்சைப் பொய். நாளைக்குத் தாயை வெட்டப் போகிறார்கள். இன்றைக்கு நாய் மூத்திரம் பெய்யவில்லை என்று எப்படி எழுதுவது? நாய்க்கு ஏதும் ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பது?

கோப்பி ஆறிவிட்டது.


திங்கள், பின்னேரம்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது. சிரித்துச் சிரித்துத்தான்.

நான் வந்து சப்பாத்தைக் கழற்ற, ஒஷாவாவிலிருந்து அண்ணை வந்து இறங்கினார். என் மூத்தவர். கையில் புதுவருஷக் கலண்டர், கூழ் காய்ச்ச ஒடியல் மா. சிங்களப் பிள்ளைக்கு வீடு கொடுத்தது அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "உங்களுக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையோ?" என்று கோடை முழுக்கக் குத்திக்கொண்டிருந்தவர். நாயும் பிடிக்காது. வாசல் கால்மிதியில் நின்று பனியைத் தட்டினார். புதுச் சப்பாத்து. கிரி அவர் முன்னால் வாலை இடுக்கிக்கொண்டு நின்றது.

"உந்த நாயை ஏன் உள்ளுக்கை விட்டு வைச்சிருக்கிறியள்?"

இவருக்குக் குறும்பு தலைக்கேறிவிட்டது. "கீரி! சூ! பிடி! சூ!"

ஊரில் நாயை ஒருவர்மேல் ஏவிவிடுகிற அதே சூ. கிரி இவரை நிமிர்ந்து பார்த்தது. இதைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று கேட்பதுபோல ஒரு பார்வை. கால்மிதியில் குந்தியது. போனது. போய்க்கொண்டே இருந்தது. கால்மிதி தாங்காமல் அண்ணையின் சப்பாத்தைச் சுற்றி ஒரு குளம்.

நான் கை தட்டினேன். உண்மையாகவே தட்டினேன். மாடிப்படியில் நிலா "யெஸ்! யெஸ்!" என்று துள்ளுகிறாள். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அத்தான், நான் பகிடிக்குத்தான்..."

அண்ணை ஒற்றைக் காலில் நின்றார். இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன்.

"நீர் இப்ப என்ன சொன்னனீர்? சூ எண்டோ?"

"ஓம். சும்மா..."

"அட, உது சிங்கள நாயடாப்பா! சிங்களத்திலை சின்னப்பிள்ளையளை ஒண்டுக்கு இருத்தேக்கை சூ எண்டுதான் சொல்லுறவை!"

அண்ணை இளவயதில் கொழும்பில், புறக்கோட்டையில் கடையில் நின்றவர். கலவரத்தோடு கட்டின துணியுடன் கப்பலேறி ஊர் வந்தவர். அதற்குப் பிறகு அவர் வாயில் ஒரு சிங்களச் சொல் வந்து நான் கேட்டதில்லை. இன்றைக்கு நனைந்த சப்பாத்தோடு குனிந்து, "கிரி, மெஹெ வரென்" என்றார். நாய் அவரிடம் ஓடிப்போனது. "இந்தகன்ன" என்றார். நிலத்தில் இருந்தது. நிலா தொண்டை கிழிய 'சிற், சிற்' என்று கத்தியும் இருக்காத நாய்.

அண்ணை நிமிர்ந்து, "மறக்கேல்லைப் போலை" என்றார். எங்களுக்குச் சொல்லவில்லை.

எங்களோடு ஆங்கிலம் பேசுகிற பிள்ளை நாயோடும் ஆங்கிலம்தான் பேசுவாள் என்று நாங்களாகவே நினைத்துவிட்டோம். என்ன மடைத்தனம். கதவைச் சாத்திக்கொண்டு கீழே தனியாக இருக்கிறவள், யாரோடு தன் பாஷையைப் பேசுவாள்? நாயோடுதானே.

சப்பாத்தை நானே கழுவி ஹீற்றரடியில் வைத்தேன். அது காயும் வரை அண்ணைக்கு இருக்க வேண்டியதாயிற்று. தேத்தண்ணி குடித்தார். இன்னொன்றும் கேட்டுக் குடித்தார். காலடியில் கிரி. தின்று முடித்த தீன் கோப்பை துடைத்து வைத்ததுபோல.

அப்பாடா. நெஞ்சிலிருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி.


மார்கழி 9, செவ்வாய்

நல்ல வெயில், கொல்லும் குளிர். எனக்கு லீவு.

எனக்குத் தெரிந்த சிங்களம் ஒன்றே ஒன்று. பஸ்ஸை மறித்து ஆமிக்காரன் "பஹின்ன" என்றால் இறங்க வேண்டும். இன்றைக்கு வாசலில், சிவப்புச் சப்பாத்துப் போட்ட நாயோடு நின்று, இரண்டாவது சொல்லைச் சொன்னேன். முதலில் வெட்கமாக இருந்தது, மெல்லமாகச் சொன்னேன். கிரிக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன். "சூ! கிரி, சூ!"

பக்கத்து வீட்டுப் பத்மா அக்கா சவளோடு வந்தவ, அப்படியே நின்றுவிட்டா.

"என்ன பிள்ளை, ஆர்மேலை சூக்காட்டுறாய்? எனக்கோ?"

"ஐயோ இல்லை அக்கா! உது ஒண்டுக்குப் போறதுக்கு."

"ஆர்?"

"நாய்தான் அக்கா. அது சிங்களம்."

விளக்கம் சொல்லச் சொல்ல மோசமாகியது. சவளை முன்னால் பிடித்தபடியே ஓரமாக விலகிப் போனா. அதற்குள் கிரி பனியில் ஒரு மஞ்சள் குழி போட்டு முடித்துவிட்டது. நல்ல வடிவான குழி. நாய் மூத்திரத்தை வடிவு என்று எழுதுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

நடக்கக் கூட்டிப்போனேன். திரும்பும் வழியில் ஒரு சப்பாத்துக் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது, நான் காணவில்லை. நடைபாதை முழுக்கப் பனி உருகத் தூவின உப்பு. சந்தியில் கிரி நின்று, வெறுங்காலைத் தூக்கிக் காட்டியது. விரலிடுக்கில் உப்பு குத்தியிருக்கிறது, பாவம். தூக்கிக்கொண்டு வந்தேன். நாயைத் தூக்கியது வாழ்க்கையில் இதுதான் முதல் தரம். வெதுவெதுத்த தண்ணீரில் காலைக் கழுவி, துடைத்து, வெடிப்புக்குப் பூசுகிற களிம்பு கொஞ்சம் தடவினேன். நக்கிவிட்டது.

ந.வுக்கு எழுதினேன்: கிரி நல்ல சுகம். (இந்த முறை உண்மை.) பதில் இல்லை. ஒப்பரேஷன் முடிந்திருக்க வேண்டும். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

அண்ணை போன் எடுத்தார். வணக்கம், சுகம் ஒன்றுமில்லை. "போச்சுதோ?"

"போச்சுது அண்ணை."

"சரி." வைத்துவிட்டார்.


மார்கழி 10, புதன்

பனியும் மழையும் கலந்து கொட்டுகிறது. வேலையால் வரும்போது றோட்டெல்லாம் சாம்பல் நிறக் கூழ்.

கிரிக்குப் பிடிக்காதவை: மேலேயிருந்து விழும் தண்ணீர். கீழே தேங்கி நிற்கும் தண்ணீர். பனி வழிக்கும் லொறி. மழைச்சட்டையின் தொப்பி. பத்மா அக்காவின் சவள்.
பிடித்தவை: துவாய். தலைமயிர் காயவைக்கும் மெஷின். இவருடைய சாய்கதிரை. இவர்.

பனியை விட ஈரம்தான் இதற்குப் பெரிய எதிரி. வேலியோரத்தை ஒட்டி ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு போய், சொன்னவுடன் காரியத்தை முடித்து, ஒரே ஓட்டமாக உள்ளே. நான் துவாயை எடுக்கமுன் சுவாமியறைக்குள் போய்விட்டது. கதவைத் திறந்து வைத்த புண்ணியவான் இவர். நடு அறையில் நின்று ஒரு உதறு. படங்கள், விளக்கு, பூத்தட்டு, எல்லாம் நாய்த்தண்ணி.

"தீர்த்தம் தெளிச்சிருக்கு. கும்பிடும்" என்கிறார் இவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் பின்வளவில் கட்டியிருப்பேன். படங்களைத் துடைத்தேன். பிறகு நாயையும் துடைத்தேன், நடுங்கிக்கொண்டு நின்றது.

இரவுச் சாப்பாட்டு நேரம் ந. கூப்பிட்டாள். அங்கே விடிந்திருக்கிறது. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததாம். கட்டியால் பயமில்லை என்று டொக்டர் சொன்னாராம். கடவுளே, நன்றி. ஆனால் பிள்ளை அழுகிறாள். மூத்திரக் குழாயைக் கழற்றிய பிறகு தாய்க்குப் போகவில்லையாம். பெரிய வார்ட், சுற்றிவர ஆட்கள், தாய்க்கு வெட்கம். வயிறு ஊதி நோவில் முனகுகிறாவாம். பின்னேரத்துக்குள் போகாவிட்டால் திரும்பக் குழாய்.

இது என் பாடம். சொன்னேன். திரைச்சீலையை இழுத்து விடு. படுத்தபடி வேண்டாம், டொக்டரைக் கேட்டு நிமிர்த்தி இருத்து. பக்கத்தில் பைப் இருந்தால் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்க விடு. நீ முன்னால் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

அழுகை நிற்கவில்லை. அதை நிறுத்தத்தான் நாய்க் கதையைச் சொன்னேன். அடக்கிக்கொண்டு நின்றது, நான் பொய் சொன்னது, அண்ணையின் புதுச் சப்பாத்து, எல்லாம். அந்தப் பக்கம் அழுகை நின்றது. கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு சிரிப்பு. மூச்சு வாங்க, விக்கி விக்கி.

"அந்தச் சொல்லைத் தர மறந்துவிட்டேனே அன்ரி! சின்ன வயதில் அம்மா என்னை இருத்திவிட்டுச் சொல்கிற சொல். அதைத்தான் கிரிக்குப் பழக்கினேன்."

"அப்ப இனி நீ அம்மாவுக்குச் சொல்லு" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சரி அன்ரி" என்று வைத்துவிட்டாள்.

அண்ணைக்கும் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். "தனியப் பிள்ளையெல்லே அங்கை நிண்டு மாயுது" என்றார்.


மார்கழி 11, வியாழன்

இரவு திரும்பக் கொட்டியிருக்கிறது. மா அரித்த மாதிரி உலர்ந்த பனி. காற்றில்லை. வேலை பின்னேரம்தான்.

காலையில் கிரிக்கு மிஞ்சின மூன்று சப்பாத்தும் போட்டு, நாலாவதுக்கு நிலாவின் பழைய காலுறையைக் கட்டி, வெளியே போகத் தயாராக நிற்கிறோம். போன். ந. நான் கையுறை போட்டிருந்தேன். இவர்தான் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

ஹலோ இல்லை, ஒன்றுமில்லை. ஒரே கத்தல்.

"அன்ரி! அம்மா சூ! அம்மா சூ!"

விளங்கிவிட்டது. யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கிரிக்கும் விளங்கிவிட்டது. எசமாட்டியின் குரல், பழக்கமான கட்டளை. குசினி நடுவில் குந்தி, நேற்றிரவிலிருந்து வைத்திருந்த முழுவதையும் விட்டது.

நிலா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள், நல்லவேளை தள்ளித்தான். ந. அங்கேயிருந்து "என்ன, என்ன?" என்கிறாள். சொன்னோம். அவள் அதைத் தாய்க்குச் சொன்னது கேட்டது, பிறகு ஒரு வயதான சிரிப்பும், தையல் நோவில் "ஆ" என்றதும். திரையை இழுத்துவிட்டு, தாயின் காதுக்குள் மெல்லமாகச் சொன்னாளாம். தாய்க்குச் சிரிப்பு வந்ததாம். சிரித்தபடியே மூத்திரமும் போய்விட்டதாம்.

நான் கையுறையைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்தேன். பார்த்தே இராத மனிசி. சந்தோஷம் தாங்க முடியவில்லை.

குசினியை இவர் துடைத்தார். கேட்காமலே.

பிறகுதான் வளவுக்குப் போனோம். இறங்கி ஒரு நிமிஷம் கிரி யோசித்தது. என்ன நினைத்ததோ, மூக்கைப் பனிக்குள் குத்தி, உழுதுகொண்டு ஓடியது. வேலி வரை போய், திரும்பி, சுற்றி, என் காலை இடித்து, திரும்ப ஓடியது. வெள்ளைக்குள் வெள்ளை. இரண்டு மண்ணிறக் காதும் சிவப்புச் சப்பாத்துகளும்தான் பறந்து திரிந்தன. பின்னங்கால் முன்னங்காலை முந்துகிறது. பனியைக் கடித்துத் தின்கிறது. இவர் ஒரு உருண்டை எறிந்தார், கிரி பாய்ந்து பிடிக்க வாய்க்குள் பொடிந்துபோனது, எங்கே போனது என்று தேடுகிறாள். இவ்வளவு நாளும் பயந்தது இதற்கா என்று நினைத்திருப்பாள்.

பத்மா அக்கா வேலிக்கு மேலால் பார்த்து, "இண்டைக்குச் சூக்காட்டேல்லையோ?" என்று கேட்டா. சிரித்துக்கொண்டுதான்.

உள்ளே வரப் போன் அடிக்கிறது. அண்ணை.

"போச்சுதோ?"

"போச்சுது."

"ஆர், நாயோ, தாயோ?"

"ரெண்டும் அண்ணை."